றம்பொடை இறக்கமும் ஒற்றைச் சில்லும்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை ஐந்நூறு மீற்றருக்கும் கீழே. லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை என்று வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையில் பெற்றோல் கார் ஓட்டுபவர் கியரைக் குறைத்து, பிரேக்கை மிதித்து, அத்தனை உயரத்தையும் வெறும் சூடாக்கிக் காற்றில் விட்டுவிட்டுத்தான் கீழே வந்து சேர்கிறார். பிரேக் கருகும் வாசனை தெரியாத மலையகத்துப் பயணி இருக்க முடியாது. மின்கார் வேறு மாதிரி இறங்கும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் அதன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிச் சக்கரங்களை இழுத்துப் பிடிக்கிறது. அப்போது உண்டாகும் மின்சாரம் பெட்டரிக்குப் போகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்திலும் பிறகு லக்சபானையிலும் விழுந்து செய்கிற வேலைதான் இதுவும்.

ஆட்களோடு 1,600 கிலோ வரும் கார் ஒன்று 1,400 மீற்றர் இறங்கும்போது விடுபடும் சக்தி ஏறத்தாழ 6 யூனிட். டயரும் காற்றும் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும், மிஞ்சுவது பெட்டரிக்கு. சிறிய தொகை என்று நினைக்க வேண்டாம். பத்து வருடங்களுக்கு முன் ஜப்பானிலிருந்து பாவித்த வண்டிகளாக வந்து இறங்கிய பழைய நிசான் லீஃப்களின் பெட்டரி, புதிதாக இருந்தபோதே மொத்தம் 24 யூனிட்தான்.

ஆனால் நுவரெலியாவில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, பெட்டரி நிறைந்த கையோடு இறங்கத் தொடங்கினால்? வருகிற மின்சாரத்தை வைக்க இடமில்லை. பெட்டரியைக் கண்காணிக்கும் கணினி "இனி வேண்டாம்" என்று வண்டியின் தலைமைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். அது மோட்டாரை ஆளும் கணினியிடம் "பிடியைத் தளர்த்து" என்று சொல்ல வேண்டும். தளர்ந்த அளவுக்குச் சாதாரண பிரேக் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். இத்தனையும் அடுத்த வளைவு வருவதற்குள் முடிய வேண்டும்.

வழக்கமான மின்காரில் இந்தக் கணினிகள் தனித்தனிப் பெட்டிகளில் இருக்கும். பெட்டரியின் நேரோட்டத்தை மோட்டாருக்கு வேண்டிய மூன்று கட்ட ஆடலோட்டமாக்கும் இன்வர்ட்டர் ஒன்று. வீட்டு 230 வோல்ட்டை வாங்கிப் பெட்டரிக்கு ஊட்டும் சார்ஜர் இன்னொன்று. பெட்டரியின் நானூறு வோல்ட் அளவை விளக்குக்கும் ஹோர்னுக்கும் 12 வோல்ட்டாக இறக்கும் மாற்றி மூன்றாவது. பெட்டரிக் காவலன் நான்காவது. ஒவ்வொன்றுக்குள்ளும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒரு கணினிச் சில்லு, அதற்கென்று ஒரு பலகை, ஒரு பெட்டி, இடையே நீண்ட வயர்கள்.

இவற்றை ஒன்றாக்கும் வேலை இரும்பில்தான் தொடங்கியது. லீஃபிலேயே ஆரம்பத்தில் பின்புறம் கிடந்த சார்ஜர், பின்னால் வந்த மாதிரியில் முன்னுக்கு வந்து மோட்டார், இன்வர்ட்டரோடு ஒரே அடுக்காக உட்கார்ந்தது. 2021 இல் சீனாவின் பிவைடி எட்டு உறுப்புகளை ஒரே கூட்டுக்குள் அடக்கிக் காட்டியது. அடுத்த படி மூளைகளை ஒன்றாக்குவது. ஜப்பானின் ரெனெசாஸ் நிறுவனம், மோட்டார் செய்யும் நிடெக்குடன் சேர்ந்து, எட்டு வேலைகளை ஒற்றை மைக்ரோகன்ட்ரோலர் ஆளும் மாதிரியை 2024 நவம்பரில் மியூனிக் கண்காட்சியில் வைத்தது.

ஒரு சில்லால் இது எப்படி முடியும்? வேலைகளின் அவசரம் ஒன்றுபோல இல்லை என்பதுதான் முதல் சாதகம். இன்வர்ட்டருக்குப் பொறுமை கிடையாது: சுழலியின் நிலையையும் மூன்று வயர்களின் மின்னோட்டத்தையும் அளந்து, கணக்குப் போட்டு, ஆளிகளைத் திறந்து மூட அதற்குக் கிடைப்பது ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதிலும் குறைவு. பெட்டரிக் காவலனோ நிதானமானவன். செக்கனுக்குச் சில பத்துத் தடவை பார்த்தால் அவனுக்குப் போதும். இரண்டாவது சாதகம் இன்னும் அழகானது. ஓடுகிற கார் சுவரிலிருந்து சார்ஜ் ஆவதில்லை, சார்ஜ் ஆகிற கார் ஓடுவதில்லை. ஆகவே இன்வர்ட்டருக்குரிய கணிப்புத் திறனைக் கார் நிற்கும்போது சார்ஜருக்குக் கொடுத்துவிடலாம்.

சிரமம் பாதுகாப்பில் இருக்கிறது. சார்ஜர் மென்பொருளின் ஒரு பிழை, றம்பொடை வளைவில் மோட்டாரைத் தொந்தரவு செய்யக்கூடாது. அதனால் இந்தச் சில்லுகளுக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பல கருக்கள் உண்டு. ஒவ்வொரு வேலையின் நினைவகமும் மற்றதிடமிருந்து வேலி போட்டுப் பிரிக்கப்படுகிறது. முக்கியமான கணக்கை இரண்டு கருக்கள் ஒரேசமயம் போட்டு விடைகளை ஒப்பிடுகின்றன. விடை மாறினால் வண்டி பாதுகாப்பான நிலைக்குப் போய்விடும். ஐஎஸ்ஓ 26262 என்ற தரநிர்ணயம் கேட்பது இந்த ஒழுங்கைத்தான்.

மென்பொருள் எவ்வளவு தூரம் வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதை 2025 இல் நாடே பார்த்தது. இலங்கையில் மின்காருக்கான தீர்வை மோட்டாரின் கிலோவாட் கணக்கில் அறவிடப்படுகிறது. இறக்குமதியான ஒருவகைக் கார்களின் மோட்டார் வலு 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா என்று சுங்கம் மறித்து, விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. அந்த வழக்கின் நியாயம் எப்படியோ, பொறியியல் உண்மை இது: ஒரே மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் விடுவது என்று சில்லுக்குள் எழுதிவைத்த எல்லைக்கு ஏற்ப அதன் வலு மாறும்.

பெட்டிகள் குறைந்தால் வயரும் பாரமும் விலையும் குறையும். இறக்கத்தில் நடக்கும் அந்தப் பேச்சுவார்த்தையும் வயர் வழியே போகாமல் சில்லுக்குள்ளேயே முடியும். பாரம் குறைவது ஏற்றத்துக்கு மெய்யான லாபம். எனக்கு ஒவ்வாதது திருத்துகிற விஷயம். பழைய லீஃபில் சார்ஜர் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். எல்லாம் ஒன்றான பெட்டியில் சிறு பழுதுக்கும் முழுப் பெட்டியை மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவு ஹட்டனில் ஹயர் ஓடிப் பிழைப்பவரால் தாங்கக்கூடியதல்ல.

மின்கார் வாங்க எண்ணும் மலையகத்தார் இரண்டு காரியம் செய்யுங்கள். மேட்டிலிருந்து புறப்படும் நாளில் 85, 90 வீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள். வாங்குமுன், பெட்டிக்குள் இருக்கும் பலகைகளைத் தனித்தனியாக மாற்ற முடியுமா, அதற்கு ஆள் எங்கே இருக்கிறார் என்று விற்பவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.