பாட்டன் பிறந்த ஊர் எது?

“உன் அப்பன் எங்கே பிறந்தான்? பாட்டன் எங்கே பிறந்தான்?” பெண் பார்க்க வந்தவர் கேட்கும் கேள்வியல்ல இது. 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழனைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அத்தீவில் பிறந்தது போதாதாம். தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டுமாம்! கங்காணி கூட்டிச் சென்ற கூட்டத்தில் எவன் மடியில் இருந்தது பிறப்புச் சான்று? கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் கொடுத்த துரைமார் காகிதமா கொடுத்தார்கள்? 1949-ல் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரசால், 1952-ல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை.

“நீ இந்தியன்” என்றது கொழும்பு. டில்லி என்ன சொல்லிற்று? பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவரும் குடிமகனாகலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 8-வது பிரிவு. ஆனால் தூதரகத்தில் பதிவு செய்தாக வேண்டும். இரத்தம் இருந்தால் போதாது, ரப்பர் முத்திரையும் வேண்டும்!

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கணக்கு முடித்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டனர். மூட்டையை எண்ணும்போது மூட்டையைக் கேட்பதுண்டா? இவர்களையும் எவரும் கேட்கவில்லை.

1983-ல் இனவெறித் தீ மூண்டது. உயிர் பிழைக்கப் படகேறி வந்தவர்களில் அந்தத் தோட்டத் தமிழரும் இருந்தனர். பாட்டன் புறப்பட்ட தமிழ்நாட்டுக்கே பேரன் திரும்பி வந்தான். அங்கே அவனை இந்தியன் என்றார்கள்; இங்கே வந்தபோது அகதி என்றார்கள், அனுமதியின்றி நுழைந்தவன் என்றார்கள். 2019-ல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டின் பெயரைச் சொல்லிற்று, இலங்கையைச் சொல்லவில்லை.

முகாமிலே பிறந்த பிள்ளைக்காவது விடிவுண்டா? 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, இதைக் கொண்டே கடவுச்சீட்டு வழங்கச் சொல்லி 2022-ல் தீர்ப்பளித்தது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதே பாயில் 1988-ல் ஒரு தம்பி பிறந்திருந்தால்? அவனுக்கு அப்பனோ ஆத்தாளோ இந்தியக் குடியாக இருக்க வேண்டும்! 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த குழந்தைக்கோ நிபந்தனை இன்னும் கடுமை. அக்காள் இந்தியர், தம்பி அந்நியன். இருவருக்கும் ஒரே தாய்ப்பால்!

2021-ல் முகாமின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என மாறியது. நல்லதுதான். குடியுரிமை வழங்கும் பேனா மட்டும் டில்லியிலே இருக்கிறது. முகாமில் வாழும் இந்திய வம்சாவளியினரின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்படி அதே மதுரைக் கிளை 2019-ல் சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்துக்குப் பாட்டன் ஊரைக் காட்டும் தாள் வேண்டுமே! முகாமை அடுத்துள்ள கிளைக் கழகத் தோழர்களே, பழைய பட்டா, பள்ளிப் பதிவேடு, தோட்டத்துத் துண்டுச் சீட்டு, எது அகப்பட்டாலும் எடுத்துக்கொண்டு அவர்களுடன் தாலுகா அலுவலகப் படியேறுங்கள். தனியே போனால் “நாளை வா” என்பார்கள்.