ஸூல்: பொத்தானுக்குப் பொருள் சொன்ன மொழி

நெட்ஸ்கேப் உலாவி 1990களில் விண்டோஸ், மேக், யூனிக்ஸ் மூன்றிலும் ஓடியது. உள்வேலை பெரும்பாலும் பொதுதான். கண்ணுக்குத் தெரியும் மெனு, பொத்தான், உரையாடல் பெட்டிகளை மட்டும் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. மெனுவில் ஒரு வரி கூட்ட வேண்டுமென்றால் மூன்று இடத்தில் கைவைக்க வேண்டும்.

1998இல் நெட்ஸ்கேப் தன் மூலநிரலைத் திறந்துவிட, மொசில்லா திட்டம் பிறந்தது. அங்கே வளர்ந்த கெக்கோ என்ற வரைபொறி எந்த இயங்குதளத்திலும் இணையப் பக்கங்களை வரையும். பக்கத்துக்குள் இருக்கும் பொத்தானை வரையத் தெரிந்த பொறிக்கு, பக்கத்துக்கு வெளியே உலாவியின் சொந்தப் பொத்தானை வரையத் தெரியாதா? அதற்கு விடையாக வந்ததுதான் ஸூல்: இணையப் பக்கம் எழுதுவது போலவே மென்பொருளின் சாளரங்களை எழுதும் எக்ஸ்எம்எல் மொழி. ஃபயர்பாக்ஸும் தண்டர்பேர்டும் அதில்தான் உருவாயின.

ஒரு சின்ன உரையாடல் பெட்டியை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் 'சரி' முதலில் வரும், 'ரத்து' அதற்கு வலப்பக்கம். மேக்கில் வரிசை நேர்மாறு. 'சரி' வலக்கோடியில் நிற்கும். பழகிய விரல் பார்க்காமலே போகும் இடம் அது. ஸூலில் எழுதுகிறவர் எது இடம், எது வலம் என்று சொல்வதே இல்லை. இந்தப் பெட்டிக்கு ஓர் 'ஏற்பு', ஒரு 'ரத்து' வேண்டும் என்று மட்டும் எழுதுவார். வரிசையை இயங்குதளத்தின் வழக்கப்படி பொறியே அமைத்துக்கொள்ளும். குறுக்குவிசைகளும் அப்படியே. 'ஆக்செல்' என்று எழுதினால் விண்டோஸில் கன்ட்ரோல், மேக்கில் கமாண்ட். இந்த நிதானம்தான் ஸூலின் உண்மையான அழகு என்பேன்.

அளவுகளிலும் அதே போக்குதான். பொத்தான் இத்தனை புள்ளி அகலம் என்று அடித்து வைப்பதில்லை. கிடைப்பெட்டி, நெடும்பெட்டி என்று அடுக்கி, மிச்ச இடம் யாருக்கு என்பதை 'ஃப்ளெக்ஸ்' என்ற குறிப்பால் சொல்வார்கள். பொத்தான்மேல் வரும் சொற்களோ மொழிக்கு ஒன்றாகத் தனிக் கோப்பில் இருக்கும். ஃபயர்பாக்ஸைத் தமிழாக்கிய தன்னார்வலர்கள் நிரலைத் தொட வேண்டியதில்லை. 'விருப்பத்தேர்வுகள்' என்று நீளமாக எழுதினாலும் பெட்டி தானே விரிந்து இடம் கொடுக்கும்.

ஸூல் கோப்பை இணைய வழங்கியில் வைத்து உலாவியிலேயே திறக்கவும் முடிந்தது. ஒரே எழுத்து, டெஸ்க்டாப்பிலும் இணையத்திலும். ஆனால் மற்ற உலாவிகள் இதை ஏற்கவில்லை. 2011இல் வந்த ஃபயர்பாக்ஸ் 4, இணையத்திலிருந்து வரும் ஸூலைத் திறப்பதை நிறுத்தியது. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்போடு ஸூலில் எழுதிய நீட்சிகளும் விடைபெற்றன. அதன் பெட்டி முறை மட்டும் அழியவில்லை. இன்று இணைய வடிவமைப்பாளர்கள் நாள்தோறும் கையாளும் 'ஃப்ளெக்ஸ்பாக்ஸ்' அதிலிருந்து கிளைத்ததுதான்.

இப்போது ஸூலின் வேலையை எச்டிஎம்எல்லே செய்கிறது. கிட்ஹப் 2013இல் தொடங்கிய எலக்ட்ரான், குரோமியம் உலாவியையே மென்பொருளுக்குள் பொதிந்து தருகிறது. நிரலெழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோ கோட் அதன்மேல்தான் ஓடுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை எடைதான்: குறிப்பெழுதும் சின்னச் செயலிகூட 100 மெகாபைட்டைத் தாண்டிவிடும். டௌரி என்ற புதிய கருவி, இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் வலைக்காட்சியைப் பயன்படுத்தி அந்த எடையைக் குறைக்கிறது.

எடையை இப்படிக் குறைத்துவிடலாம். எனக்கு வருத்தம் தருவது வேறு. எச்டிஎம்எல் பொத்தானுக்குத் தான் ஏற்பா ரத்தா என்பது தெரியாது. எழுதியவர் வைத்த வரிசையிலேயே அது மேக்கிலும் நிற்கும், விண்டோஸிலும் நிற்கும். க்யூட் போன்ற சில கருவித்தொகுப்புகள் பொத்தானின் பங்கைக் கேட்டு வரிசையைத் தாமே அமைக்கும் முறையை இன்றும் வைத்திருக்கின்றன. க்யூட்டில் எழுதியதை, உலாவிக்குள் நிரலை ஓட்டும் வெப்அசெம்பிளி வழியாக உலாவியிலும் ஓட்டலாம்.