பயங்கரவாதம் என்பது யாது?

தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதியிலிருந்து நகரின் மையத்திற்குச் செல்வோர் காணும் சதுக்கங்களுள் ஒன்று பினோய்–பாதல்–தினேஷ் பாக். முன்னர் அது டல்ஹவுசி சதுக்கம். 1930 டிசம்பர் 8-ஆம் நாள் பினோய், பாதல், தினேஷ் என்னும் இளைஞர் மூவர் அங்குள்ள ரைட்டர்ஸ் கட்டடத்தினுள் புகுந்து, சிறைத்துறைத் தலைவர் சிம்சனைச் சுட்டுக் கொன்றனர். இத்தகைய செயல்களை ஒடுக்க அன்றைய வங்காள அரசு 1932-இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'பயங்கரவாதம்' இடம்பெற்றது. விடுதலைக்குப் பின் அம்மூவரின் பெயரே சதுக்கத்திற்குச் சூட்டப்பட்டது. பயங்கரவாதத்திற்கு வரையறை காண்பதிலுள்ள இடர்ப்பாட்டை இம்மாற்றம் தெளிவாக்குகிறது.

நாடுகளின் சங்கம் 1937-இல் உருவாக்கிய உடன்படிக்கை, அரசுக்கெதிராக அச்சமூட்டும் நோக்குடன் செய்யப்படும் குற்றங்களையே பயங்கரவாதம் என்றது. அதற்கு ஏற்பளித்த ஒரே நாடு, அன்று பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியா. உடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. 1996-இல் சுதந்திர இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் முழுமையானதொரு உடன்படிக்கைக்கான வரைவை முன்வைத்தது. விடுதலைப் போராட்டங்களுக்கு விலக்கு உண்டா, அரசுப் படைகளின் செயல்களும் அடங்குமா என்ற இரு வினாக்களில் அம்முயற்சி தடைப்பட்டது.

இது வெறும் சொற்போர் அன்று. வரையறை விரிந்தால் கிளர்ச்சி செய்யும் குடிமகனும் அதற்குள் அகப்படலாம்; சுருங்கினால் குண்டுவெடிப்பில் உயிரிழந்தோர்க்கு நீதி கிட்டாமற் போகலாம். 1987-ஆம் ஆண்டின் தடாச் சட்டம், தவறாகப் பயன்படுத்தப்பட்டதென்ற கண்டனத்திற்கிடையே 1995-இல் காலாவதியானது. 2002-ஆம் ஆண்டின் பொடாச் சட்டம் 2004-இல் நீக்கப்பட்டது. பயங்கரவாதத்திற்குத் துல்லியமான இலக்கணம் வகுத்தல் இயலாது என்றும், குற்றவாளி ஒவ்வொருவரையும் பயங்கரவாதி எனக் கூறலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 1994-இல் எடுத்துரைத்தது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஜாமீன் பெறுதல் கடினமாதலால், அவ்வெச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

சொல்லில் ஒன்றுபடாத நாடுகள் செயல்களில் ஒன்றுபட்டுள்ளன. விமானக் கடத்தல் பற்றி 1970-லும், பிணைக்கைதிகளைப் பிடித்தல் பற்றி 1979-லும் உடன்படிக்கைகள் உருவாயின. மக்களை அச்சுறுத்தவோ அரசைப் பணியவைக்கவோ, போரில் பங்குகொள்ளாதோரைக் கொல்லுதல் என்ற அளவுகோலை 1999-ஆம் ஆண்டின் நிதியுதவித் தடுப்பு உடன்படிக்கை வகுத்தது. கொள்கை எதுவாயினும், தாக்கப்பட்டவர் யார் என்பதே இங்கு முதல் வினா.

இவ்வளவுகோலும் எல்லா வழக்குகளையும் தீர்த்துவிடாது. அலுவலகத்தில் பணியிலிருந்த சிம்சனை எவ்வகையில் சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு எழலாம். ஆயினும், எவரைப் போற்றுவது என்பதை வரலாறு முடிவு செய்யட்டும். எச்செயல் குற்றம் என்பதைச் சட்டம் முன்கூட்டியே தெளிவாகக் கூறுதல் வேண்டும். ஆட்சி மாறினும் பொருள் மாறாத வரையறையே குடிமக்களுக்குப் பாதுகாப்பளிக்கும்.