நாக்கடியில் கரையும் மாத்திரை

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் நான். பிரான்ஸ் செய்த காரியம் எனக்கு நெருக்கமானது. ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்குப் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தை எழுதித்தர 1995-இல் அங்கே சாதாரணக் குடும்ப டாக்டர்களையும் அனுமதித்தார்கள். மாத்திரையை நாக்கடியில் வைத்துக் கரையவிட வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். ஹெராயின் மூளையில் பற்றும் அதே இடத்தை இதுவும் பற்றிக்கொள்ளும், ஆனால் ஓரளவுக்கே தூண்டும். அதனால் ஹெராயினை நிறுத்தும்போது வரும் நடுக்கமும் வாந்தியும் அடங்கும். மூச்சு நின்றுபோகும் ஆபத்து மிகக் குறைவு. பிரான்சில் நான்கே ஆண்டுகளில் அளவு மீறிய ஹெராயின் போதையால் நேர்ந்த சாவுகள் 79 விழுக்காடு சரிந்தன. மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றியவர்களும் உண்டுதான். இருந்தும், "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவசரப்பட்டு மாத்திரையை நிறுத்தினால் பலர் ஹெராயினுக்கே திரும்புகிறார்கள். அதற்குள் உடலின் தாங்குசக்தி குறைந்திருக்கும். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது ஆளையே கொன்றுவிடும்.