அன்லிமிடெட்டுக்கு எத்தனை ஜிபி?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்குக் கடையிலிருந்து முந்தானைக்கான மாதிரிப் படம் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அரக்கும் குங்குமச் சிவப்பும் குழம்பிவிடக் கூடாதே என்று படத்தைச் சுருக்காமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்வார்கள். 4 எம்பி இருக்கும். காலையில் ஓரிரு நொடியில் இறங்கும் அந்தப் படம், அன்றைய 1.5 ஜிபி தீர்ந்துபோன மாலையில் எட்டு நிமிடத்துக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். தினசரி டேட்டா முடிந்ததும் பல மொபைல் திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 8 கிலோபைட். 4,000-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள், 500 நொடி.

அதற்குள் கம்பி அடைத்துக்கொண்டதா? கண்ணாடி இழையில் ஒளியும் காற்றில் அலையும் முன்போலவேதான் பாய்கின்றன. நிறுவனத்தின் கருவியில் 'டோக்கன் வாளி' என்றொரு கணக்கு ஓடுகிறது. வாளிக்குள் நொடிக்கு இத்தனை என்று டோக்கன் விழும். வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் தன் அளவுக்கு டோக்கன் கொடுத்தால்தான் வெளியே போகலாம். டோக்கன் இல்லாதது வரிசையில் நிற்கும். வரிசை ரொம்ப நீண்டால் கழித்துக் கட்டப்படும். 2019-இல் இங்கே அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாளில் ஏதோ ஒரு நாள் வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாசல் அதே அகலம்தான், உள்ளே விடும் ஆள்கணக்குதான் வேறு.

வரம்பே அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஒரே இணைப்பைத் தெருவே பங்குபோட்டுக்கொள்கிறது; வீட்டு பிராட்பேண்டில் 50 பேர் வரை பங்கிடலாம் என்று 2009-இலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்தது. பல ஃபைபர் திட்டங்களில் மாதத்துக்கு 3,300 ஜிபி வரம்பு உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் மூன்று நாளில் காலி. சாதாரணக் குடும்பம் மாதம் முழுக்கப் படம் பார்த்தாலும் அதைத் தொடுவது கஷ்டம். எனக்குக் கோபம் வருவது, கொட்டை எழுத்தில் 'அன்லிமிடெட்' என்று போட்டுவிட்டு வரம்பை நட்சத்திரக் குறிக்குக் கீழே பொடியாக ஒளித்துவைப்பதில். ஜரிகையில் வெள்ளி இத்தனை சதவீதம், தங்கம் இத்தனை என்று கருவியில் வைத்து அளந்து சொல்கிற ஊர் இது. "தங்கம் இருக்கு சார்" என்பதோடு நிறுத்தினால் இங்கே யார் புடவை வாங்குவார்?

2016 அக்டோபரில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. வீட்டு பிராட்பேண்டில் வரம்பு தாண்டினாலும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. 50, 90, 100 சதவீதம் தீரும்போதெல்லாம் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அந்த 512 மொபைலுக்குப் பொருந்தாது. தறிக்காரர் கையில் இருப்பதோ மொபைல்.

வீட்டில் இணைப்பு வைத்திருப்பவர்கள், வரம்பு முடிந்த நாளில் ஒருமுறை வேகத்தை அளந்து பாருங்கள். 512-க்குக் கீழே காட்டினால் நிறுவனத்திடம் புகார் சொல்லி, புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். அதற்கு அந்த எண்ணைக் கேட்பார்கள்.