கூலியாளா? ஒப்பந்தக்காரரா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் எங்கு நோக்கினும் கட்டட வேலை நடைபெறுகிறது. நம் சங்கங்களும் நூல் கிடங்கு, விதைக் கிடங்கு எனக் கட்டிக்கொள்கின்றன. "வேலையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டோம், இனி நமக்குப் பொறுப்பில்லை" என்று நிர்வாகக் குழுவினர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எப்பொழுதும் சரியன்று.

நான் ஆய்வுக்குச் சென்ற சங்கம் ஒன்றில், சித்தாள் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்திருந்தார். செலவுச் சீட்டுகளில் 'ஒப்பந்தத் தொகை' என்று எழுதியிருந்தார்கள். ஆனால் சிமென்டும் செங்கல்லும் சாரக் கம்பும் சங்கத்தினுடையவை. இன்று எத்தனை ஆள் வேண்டும், எந்தச் சுவரை எழுப்ப வேண்டும் என்று நாள்தோறும் சொன்னவர் செயலாளர். மேஸ்திரியும் நாட்கூலியே பெற்றார். லாப நஷ்டம் அவருக்கில்லை. அவர் ஒப்பந்தக்காரர் ஆவது எங்ஙனம்?

நெசவாள அங்கத்தினர்களுக்கு இது எளிதில் விளங்கும். தம் வீட்டில், சொந்தத் தறியில், தம் வசதிப்படி நெய்பவர் ஒருவர். முதலாளியின் தறிக்கூடத்தில், அவர் குறித்த நேரத்தில் நெய்பவர் மற்றொருவர். இருவருக்கும் புடவைக்கு இவ்வளவு என்றே கூலி இருக்கலாம்; ஆயினும் இருவர் நிலையும் ஒன்றன்று.

ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் இவை: வேலை செய்யும் முறையைக் கட்டளையிடுபவர் யார்? கருவியும் பொருளும் யாருடையவை? ஆட்களை அமர்த்தவும் விலக்கவும் உரிமை யாருக்கு? செலவு மிகுந்தால் நஷ்டம் யாரைச் சாரும்? அவர் பிறரிடமும் வேலை ஏற்று நடத்துபவரா? இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. யாவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளர் எடையளவுக்கே கூலி பெற்றனர். உதவிக்கு ஆட்களையும் வைத்துக்கொண்டனர். எனினும் மேற்பார்வை நிறுவனத்தினுடையது என்பதால், அவர்கள் தொழிலாளரே என 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978-இல் கோழிக்கோட்டுக் கயிற்றாலை வழக்கில், இடையே ஒப்பந்தக்காரர் நிற்பதாலேயே உண்மையான முதலாளி தப்பிவிட முடியாது என்றது.

கட்டட வேலையில் இது உயிர்ப் பிரச்சினை. பூந்தமல்லிக்கு அணித்தான மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். பலர் வெளிமாநிலத்தார். இத்தகைய நாளில் "இவர் யாருடைய ஆள்?" என்ற கேள்விக்கு விடையின்றேல், அநாதையாவது தொழிலாளியின் குடும்பமே.

ஆதலின், வேலை தொடங்குமுன் பொறுப்புகளை எழுத்தில் வரையறுங்கள். விபத்துக் காப்பீடு உண்டா என விசாரியுங்கள். 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் ஆட்கள் பதிவு பெற்றுள்ளனரா என்று பாருங்கள். எழுதியபடியே நடந்தும் கொள்ளுங்கள்.

மேற்கூறிய சித்தாளின் மருத்துவச் செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அது தருமமன்று, கடமை. சீட்டில் எழுதிய பெயரால் உறவு மாறிவிடாது.