"சீப்" என்றால் மட்டமா?

"சீப்பான சரக்கு" என்றால் முகம் சுளிக்கிறோம். ஆனால், பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வியாபாரம், சந்தை என்றே பொருள்! லண்டனில் முன்பு சந்தை கூடிய ஒரு தெருவின் பெயர் இன்றும் "சீப்சைடு"தான்.

"நல்ல சீப்" என்றால் நல்ல பேரம். நாளடைவில் "நல்ல" உதிர்ந்தது; மலிவு என்ற பொருள் நின்றது. மட்டம் என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது.

அதே சொல்லில் பிறந்தவர்தான் "சாப்மன்" - அதாவது, வியாபாரி. இங்கிலாந்தில் ஊசி, நூல் சுமந்து ஊர் ஊராகப் போவார். 17-ம் நூற்றாண்டில் அவர் மூட்டையில் சிறு கதைப் புத்தகங்களும் இருந்தன. விலை ஒரு பென்னி, இரண்டு பென்னி! ஏழைகளும் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

மலிவுதான். ஆனால் மட்டமா? ஏழை வீட்டுக்குள் எழுத்து நுழைந்தது அந்த மூட்டை வழியாகவும்தானே!